எழும்பாத போனுக்குச் சொஃப்ட்வெயர் அடித்தல்: வன்னிக் கடைகளின் சேவை எப்படி?

அப்டேட் போட்டபின் லோகோவிலேயே நிற்கும் போன், அணைந்து அணைந்து எரியும் போன், பட்டனை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் கறுப்பாகக் கிடக்கும் போன். வவுனியாவோ மாங்குளமோ கிளிநொச்சியோ புதுக்குடியிருப்போ, இப்படியொரு போனைக் கடை மேசையில் வைத்தால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "சொஃப்ட்வெயர் அடிக்கோணும்." நிறுவனம் வெளியிட்ட இயங்குதளக் கோப்பைக் கணினி வழியாகப் போனுக்குள் திரும்ப எழுதுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இந்த மதிப்பீடு ஒரு தனிக் கடையைப் பற்றியதல்ல. எல்லாக் கடைகளிலும் பாவிக்கப்படும் மென்பொருட்கள் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், சேவையையும் அந்தக் கருவிகளையும் சேர்த்தே எடைபோடுகிறோம்.

வேலைத்திறனுக்குத் தாராளமாக நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். நல்ல கையுள்ள பெடியன் ஒருவன், சரியான கோப்பும் ஒழுங்கான வயரும் இருந்தால், மென்பொருளால் விழுந்த போனை ஒரு மணித்தியாலத்துக்குள் எழுப்பிவிடுவான். குறை வேறிடத்தில் இருக்கிறது. போன் எரிந்தால் போதும் என்பதே பல மேசைகளில் இலக்கு. உள்ளே கிடக்கும் படங்களும் எண்களும் குரல்பதிவுகளும் கணக்கில் வருவதில்லை. அவை இல்லாமல் திரும்பி வரும் போன் பாதி உயிரோடுதான் வருகிறது. அழிக்காத வழிகளை எல்லாம் முடித்த பிறகே அழிக்கும் வழிக்குப் போகிறாரா என்பதை வைத்துத்தான் ஒரு திருத்துநரை அளக்க வேண்டும்.

கடைக்கு எடுத்துப்போக முன்

முதலில் கவரைக் கழற்றுங்கள். இறுக்கமான சிலிக்கன் கவர் பவர் பட்டனை மெல்ல அழுத்திக்கொண்டிருந்தால் போன் ஓயாமல் அணைந்து எரியும். சத்தத்தைக் குறைக்கும் பட்டன் உள்ளே சிக்கியிருந்தால் சில போன்கள் ஒவ்வொரு முறையும் ஃபாஸ்ட்பூட் (கணினி வழியாக மென்பொருள் எழுதுவதற்கான முறைமை) திரையிலேயே போய் நிற்கும். பட்டனில் இருக்கும் பிழைக்கு எத்தனை தரம் சொஃப்ட்வெயர் அடித்தாலும் அது மாறாது. அடுத்து சிம்மையும் மெமரி கார்ட்டையும் வெளியே எடுங்கள். பழுதான மெமரி கார்ட் ஒன்றே போனை லோகோவில் நிறுத்திவைக்கப் போதும்.

பிறகு சார்ஜ். முழுதாக வற்றிய பற்றரி, திரையில் அடையாளம் காட்டுகிற அளவுக்கு மின்னழுத்தம் ஏறச் சிலவேளை அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். மோட்டார் சைக்கிளில் பூட்டிய சார்ஜரிலும் சோலாரில் நேரே கொடுத்த வயரிலும் அது நடக்காது. சுவரில் செருகும் ஒழுங்கான சார்ஜரில் விட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். வயர் துளைக்குள் ஆழமாகப் போய் 'கிளிக்' என்று உட்காருகிறதா என்பதையும் கவனியுங்கள். ஏ-9 வீதியோரத்திலும் வயல் பக்கத்திலும் பாவிக்கும் போன்களின் துளைக்குள் செம்மண் தூசியும் சட்டைப்பைப் பஞ்சும் சேர்ந்து அடியில் கட்டியாகிவிடும். வயர் மேலாகவே நின்றுகொள்ளும். பல்லுக்குத்தும் மரக்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுங்கள். ஊசி வேண்டாம், உள்ளேயுள்ள மெல்லிய தகட்டை அது கெடுத்துவிடும். முல்லைத்தீவுக் கரையோரப் போன்களில் உப்புப் பிடித்துத் துளை பச்சையாகப் பூத்திருந்தால், அது மென்பொருள் வேலையல்ல. சார்ஜ் போர்ட்டை மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது, வலுக்கட்டாயமாக மறுதொடக்கம். சாம்சங்கில் பவரையும் சத்தம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து, திரை அணைந்து மீண்டும் லோகோ வரும்வரை பிடியுங்கள். பத்து முதல் இருபது செக்கன் போதும். ரெட்மி, ஷாவ்மி, பிக்சல் போன்றவற்றில் பவர் பட்டனை மட்டும் அரை நிமிடம்வரை பிடித்துப் பாருங்கள். உறைந்துபோன போன்களில் கணிசமானவை இந்த இடத்திலேயே எழும்பிவிடும். செலவு எதுவுமில்லை.

திரை கறுப்பாகவே இருந்தால் இன்னொரு போனிலிருந்து அழைத்துப் பாருங்கள், சிம்மைத் திரும்பப் போட்டுவிட்டு. மணி அடித்தால் அல்லது அதிர்ந்தால் உள்ளே எல்லாம் சுகம், போனது டிஸ்பிளேதான். டிஸ்பிளே போன போனுக்குச் சொஃப்ட்வெயர் அடித்தால் பழுது அப்படியே இருக்கும், உள்ளிருந்தது மட்டும் போய்விடும்.

ரிகவரித் திரையில் எதைத் தொடுவது, எதை விடுவது

சாம்சங்கில் பவரும் சத்தம் கூட்டும் பட்டனும் சேர்த்து அழுத்தினால் ரிகவரி (இயங்குதளம் திறக்காமலே வரும் மீட்புத் திரை) வரும். ஆனால் அண்ட்ரொய்ட் 11 தொடக்கம் போன் ஒரு கணினியோடு யூ.எஸ்.பி வயரில் இணைந்திருந்தால்தான் அது திறக்கும். இது தெரியாமல் மணிக்கணக்காகப் பட்டனோடு மல்லுக்கட்டுபவர்கள் பலர். லோகோவில் சுற்றிக்கொண்டிருக்கும் போன் அணையவே மாட்டாது என்பதால் வழி இதுதான்: லப்டொப்பில் செருகுங்கள், பவரையும் சத்தம் குறைக்கும் பட்டனையும் பிடியுங்கள், திரை கறுத்த கணமே பவரை விடாமல் மற்ற விரலைச் சத்தம் கூட்டும் பட்டனுக்கு மாற்றுங்கள். ரெட்மியில் கணினி தேவையில்லை. பவரும் சத்தம் கூட்டும் பட்டனும் போதும்.

ரிகவரிக்குள் போனால் முதலில் 'ரீபூட்'. சரிவராவிட்டால் சாம்சங்கில் 'வைப் கேஷ் பார்ட்டிஷன்'. இது தற்காலிகக் கோப்புகளை மட்டும் துடைக்கும், படங்களைத் தொடாது. சில மாடல்களில் 'ரிப்பெயர் அப்ஸ்' என்றொரு வரியும் உண்டு, அதுவும் அழிக்காது. 'வைப் டேட்டா' அல்லது 'ஃபக்டரி ரீசெட்' என்ற வரியில் மட்டும் விரல் போகக் கூடாது. ரெட்மியின் பட்டியல் சிறியது. அதில் ரீபூட்டுக்கு அடுத்ததாகவே வைப் டேட்டா இருக்கிறது. பட்டன்களால் நகர்த்தும்போது கைதவறும், பொறுமையாகச் செய்யுங்கள்.

அண்ட்ரொய்ட் 8 முதல் இயங்குதளத்துக்குள் ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. ஏதோ ஒரு செயலி அல்லது சேவை ஓயாமல் விழுந்துகொண்டிருந்தால், போன் தானாகவே ரிகவரிக்கு வந்து, அண்ட்ரொய்ட்டைத் திறக்க முடியவில்லை, உங்கள் தரவு பழுதாகியிருக்கலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தியைக் காட்டும். கீழே இரண்டு தெரிவுகள்: 'ட்ரை எகெய்ன்', 'ஃபக்டரி டேட்டா ரீசெட்'. அந்தச் செய்தியைக் கண்டு பயந்து இரண்டாவதை அழுத்திவிடாதீர்கள். முதலாவதைச் சிலமுறை அழுத்திப் பாருங்கள். சாம்சங் போன் லோகோவைத் தாண்டியபின் விழுகிறது என்றால், லோகோ தெரிந்ததும் சத்தம் குறைக்கும் பட்டனைப் பிடித்தபடி இருங்கள். பாதுகாப்பு முறைமையில் திறக்கும். அப்படித் திறந்தால் பிழை நீங்கள் போட்ட செயலி ஒன்றில். அதைக் கழற்றினால் வேலை முடிந்தது.

போன் ஏன் இப்படி விழுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாம் காணும் பொதுவான காரணம் இடம் நிரம்புவது. 32 ஜிபி போனில் வட்ஸ்அப் வீடியோக்கள் ஏறி ஏறி, இயங்குதளம் தன் சிறு கோப்புகளை எழுதவும் இடமில்லாமல் போகும்போது அது திறப்பதற்குள்ளேயே விழும். அடுத்தது, அப்டேட் பாதியில் அறுவது. 2016 இல் வந்த அண்ட்ரொய்ட் 7 இலிருந்து இயங்குதளத்துக்கு இரண்டு அறை வைக்கும் முறை உண்டு: ஓர் அறையில் புதியது ஏறும், அது திறக்காவிட்டால் பழைய அறைக்குத் திரும்பும். எல்லாப் போன்களிலும் அந்த வசதி இல்லை. சிலவேளை பிழை முழுக்க நிறுவனத்துடையதாகவும் இருக்கும். 2024 ஒக்ரோபரில் சாம்சங்கின் ஸ்மார்ட்திங்ஸ் துணைச்செயலியின் ஓர் அப்டேட், எஸ்10, நோட்10 வரிசைப் போன்களை லோகோச் சுழலில் தள்ளியது. உரியவர் எதையும் தொட்டிருக்கவில்லை.

கடை மேசையில்

பழக்கமான உரையாடல் இது:

"தம்பி, இரவு அப்டேட் போட்டது. விடியத் தொடக்கம் லோகோவிலயே நிக்குது."

"சொஃப்ட்வெயர் அடிச்சாச் சரியாகீடும் அக்கா. பின்னேரம் வாங்கோ."

"உள்ளுக்க இருக்கிற படங்கள்?"

"சொஃப்ட்வெயர் அடிச்சா எல்லாம் போகும்தான் அக்கா."

கடைசி வசனம் முழு உண்மையல்ல. அழியாமல் அடிக்கும் வழி சாம்சங்கில் இருக்கிறது. வேறு சில போன்களிலும் நிபந்தனையோடு இருக்கிறது. அந்த இடத்தில் "அழியாமல் முதலில் அடிச்சுப் பாருங்கோ தம்பி, வராட்டி எனக்குச் சொல்லிப்போட்டு அழியுங்கோ" என்று சொல்லிவிட்டு, அதையே துண்டிலும் எழுதி வாங்குங்கள். இந்த வசனத்தைக் கேட்டதும் மறுப்பேதும் சொல்லாமல் தலையாட்டுகிற கடை நல்ல கடை.

நல்ல திருத்துநர் உடனே கணினிக்குப் போகமாட்டார். முற்றிலும் எரியாத போன் என்றால் பின்மூடியைத் திறந்து, பற்றரியைக் கழற்றி, அந்த முனையில் மேசை பவர் சப்ளையை 4 வோல்ட் அளவில் கொடுப்பார். பவர் பட்டனை அழுத்த முன்னமே அம்பியர் முள் ஏறினால் போர்டில் எங்கோ ஷோட். அழுத்தியும் அசையாமல் இருந்தால் பட்டனோ மின்வழியோ போயிருக்கிறது. அழுத்தியதும் சிறிதாக ஏறி, ஆடாமல் அசையாமல் அதே எண்ணிலேயே நின்றால், சிப் விழித்துக்கொண்டு அடுத்துப் படிக்க வேண்டிய மென்பொருளைக் காணாமல் நிற்கிறது என்று சந்தேகிக்கலாம். நல்ல போனில் அந்த எண் ஏறி இறங்கித் துள்ளிக்கொண்டேயிருக்கும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூடப் பிடிக்காது. இதைச் செய்யாமலே சொஃப்ட்வெயர் என்று சொல்பவர் ஊகத்தில் சொல்கிறார்.

அடுத்து கணினியில் செருகி, விண்டோஸின் டிவைஸ் மனேஜரைப் பார்ப்பார். குவால்கொம் சிப் உள்ள போன் 'கியூ.டி.லோடர் 9008' என்று தெரிந்தால், திரை கறுப்பாயிருந்தாலும் சிப் உயிரோடு இருக்கிறது. மீடியாடெக் போன் ஒரு சில செக்கன் 'பிரீலோடர்' என்று தோன்றி மறையும். கணினி செருகும் ஓசையையும் கழற்றும் ஓசையையும் மாறிமாறி எழுப்பும். இவை இரண்டும் நல்ல சகுனங்கள். எந்த வயரிலும் எந்தக் கணினியிலும் ஓசையே இல்லையென்றால் பழுது பெரும்பாலும் வன்பொருளில்.

சாம்சங்: ஓடின்

சாம்சங் போன்களுக்கு எல்லாக் கடைகளிலும் இருப்பது ஓடின். நிறுவனம் தன் உள்வேலைக்குச் செய்தது, வெளியே பரவிவிட்டது. எங்கள் பார்வையில் இந்தப் பட்டியலில் ஆகத் திறமானது இதுதான். பிழைவிட்டாலும் திரும்ப வர இடம் தருகிறது. போனை அணைத்துச் சத்தப் பட்டன் இரண்டையும் பிடித்தபடி வயரைச் செருகினால் டவுன்லோட் முறைமை வரும், ஓடினில் ஒரு கட்டம் நீலமாகும். கோப்பு பி.எல்., ஏ.பி., சி.பி., சி.எஸ்.சி. என நான்கு துண்டு. சி.எஸ்.சி. இரண்டு வடிவில் கிடைக்கும். வெறும் சி.எஸ்.சி. போட்டால் எல்லாம் அழியும். 'ஹோம்' என்ற சொல்லோடு தொடங்கும் சி.எஸ்.சி. போட்டால் உள்ளிருப்பது அப்படியே இருக்கும். மேசைக்கு முன்னால் நின்று பார்க்கக் கூடிய ஒரே விடயம் இதுதான்: நான்காவது பெட்டியில் எந்தக் கோப்பு? 'ரீ-பார்ட்டிஷன்' பெட்டியில் சரி அடையாளம் இருக்கக் கூடாது. ஏ.பி. கோப்பைத் தெரிவுசெய்ததும் ஓடின் சில நிமிடம் உறைந்ததுபோல நிற்கும். பல ஜிபி கோப்பு பழுதில்லை என்று சரிபார்க்கிற நேரம் அது. அந்த நேரத்தில் அவசரப்பட்டு நிரலை மூடிவிட வேண்டாம்.

ஓடின் தோற்கும் காரணங்களில் முதலாவது, பழைய பதிப்பை ஏற்றப் பார்ப்பது. சாம்சங் கோப்பின் பதிப்பெண்ணில் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்து பூட்லோடரின் (இயங்குதளத்தைத் தொடக்கிவிடும் சிறு நிரலின்) படிநிலை. போனில் இருப்பது 4 என்றால் 3 ஏறாது, சிவப்பெழுத்தில் மறுத்துவிடும். போனைப் பழுதாக்கும் பிழையல்ல இது. சரியான கோப்பைத் தேடினால் போதும். இரண்டாவது, மாடல். வன்னியில் கைமாறும் நல்ல சாம்சங் போன்களில் பல, கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் சொந்தங்கள் அனுப்பியவை. இலங்கையில் விற்ற போனின் பிரதேசக் குறி எஸ்.எல்.கே. கனடாவில் விற்றதன் மாடல் எண் டபிள்யூ எழுத்தில் முடியும், ஐரோப்பியப் போனின் எண் பெரும்பாலும் எஃப் அல்லது பி எழுத்தில் முடியும். பெயர் ஒன்றாக இருந்தாலும் கோப்பு வேறு. கடைக்காரர் பல ஜிபி கோப்பைப் புதிதாக இறக்க வேண்டியிருக்கலாம் என்பதால், வெளிநாட்டுப் போனுக்கு நாளைக்கு வரச் சொன்னால் அது நியாயம். பெட்டி இருந்தால் கூடவே கொண்டுபோங்கள்.

மூன்றாவது காரணம் மிக எளியது: வயர். சார்ஜ் மட்டும் செய்யும் மலிவு வயரில் தரவுக் கம்பியே இருக்காது. நீளமான வயரும் யூ.எஸ்.பி ஹப்பும் நடுவில் அறுக்கும். மழைக்காலத்தில் கரண்ட் போய் வரும் ஊரில், யூ.பி.எஸ். இல்லாத மேசைக் கணினியில் இந்த வேலையைச் செய்யும் கடையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். லப்டொப்பில் செய்பவரிடம் கொடுங்கள்.

வீட்டில் லப்டொப் இருப்பவருக்கு ஒரு சொல். அப்டேட் நடுவில் அறுந்த சாம்சங் போன், ஸ்மார்ட் ஸ்விட்சின் அவசர மீட்பைப் பாவிக்கச் சொல்லும் நீலத் திரையைக் காட்டினால், அந்த நிரல் சாம்சங்கின் இணையத்தளத்தில் இலவசம். உங்கள் மாடலுக்கு அந்த மீட்பு கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். டேட்டா அட்டையை நம்பி இறக்கத் தொடங்க வேண்டாம், வைஃபை இருக்கும் இடத்தில் செய்யுங்கள்.

ரெட்மியும் மற்றவையும்

ஷாவ்மி நிறுவனத்தின் போன்களில் நிலை கடினம். மி ஃபிளாஷ் என்ற நிரல் நல்லதுதான், ஆனால் பூட்லோடர் பூட்டியிருக்கும் வரை ஃபாஸ்ட்பூட் வழியாக அது எழுதாது. பூட்டைத் திறக்க, நல்ல நிலையிலேயே போனின் அமைப்புக்குள் போய்க் கணக்கை இணைத்து, வழக்கமாகப் பல நாள் காத்திருக்க வேண்டும். விழுந்த போனில் அது முடியாது. திறந்தாலும் தரவு அழியும். ஆகவே ரிகவரியில் உள்ள 'மி அசிஸ்டன்ட்' வழியாக நிறுவனத்தின் கோப்பை ஏற்றிப் பார்ப்பது முதல் வழி. அது தோற்றால் குவால்கொம் போன்களுக்கு 9008 வழி. அதற்கு நிறுவன அனுமதியுள்ள கணக்கோ, கடைகள் காசு கட்டிப் பாவிக்கும் அன்லொக்டூல் போன்ற கருவியோ வேண்டும். கடைக்காரர் கேட்கும் கூலியில் ஒரு பங்கு அந்தச் சந்தாவுக்குப் போகிறது. அது நியாயமான செலவுதான்.

மி ஃபிளாஷில் ஒரு பொறி உண்டு. திரையின் அடியில் மூன்று தெரிவு: எல்லாம் துடை, பயனர் தரவைக் காப்பாற்று, துடைத்துப் பூட்டு. புதிய பதிப்புகளில் மூன்றாவதே முன்கூட்டித் தெரிவாகி நிற்கும். சீனச் சந்தைக்கான போனில் உலகப் பதிப்பை ஏற்றி, இந்தத் தெரிவோடு பூட்டிவிட்டால், இந்தப் பதிப்பை இந்தச் சாதனத்தில் நிறுவ முடியாது என்று சொல்லிப் போன் நின்றுவிடும். முன்னிருந்ததைவிட மோசமான நிலை அது.

மீடியாடெக் சிப் உள்ள மலிவுப் போன்களுக்கு எஸ்.பி. ஃபிளாஷ் டூல். இந்தச் சிப்புகளின் அடிப்படைத் தொடக்க நிரல் சிப்புக்குள்ளேயே அழிக்க முடியாதபடி பொறிக்கப்பட்டிருப்பதால், மேலேயுள்ள எல்லாம் அழிந்தாலும் எழுப்பும் வழி பெரும்பாலும் மிஞ்சும். கருவியில் 'டவுன்லோட் ஒன்லி' என்பதைத் தெரிவுசெய்தால் பிரச்சினையில்லை. 'ஃபோர்மட் ஓல்' என்பதைத் தெரிவுசெய்தால் போனின் ஐ.எம்.ஈ.ஐ. எண்களும் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்கள்) வைஃபை முகவரியும் இருக்கும் பகுதிகூடத் துடைபடும். போன் அழகாக எழும்பும், சிம் மட்டும் வேலை செய்யாது. இந்தச் சேவையில் நாங்கள் காணும் மிக மோசமான கைப்பிழை இதுவே. துடைக்குமுன் அந்தப் பகுதியைப் படித்துப் பாதுகாத்து வைப்பது சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் விடுவதற்கு நியாயமே இல்லை. யூனிசொக் சிப் போன்களுக்கு ஒற்றைக் கோப்பில் எல்லாம் அடங்கியிருக்கும். முறை வேறு, எச்சரிக்கை இதுவே.

படங்களைப் பற்றிய பொய் வாக்குறுதி

"அழிஞ்சாலும் எடுத்துத் தரலாம்" என்று சொல்லிக் காசு கேட்பவரை நம்ப வேண்டாம். அண்ட்ரொய்ட் 10 உடன் சந்தைக்கு வந்த போன் தொடக்கம் எல்லாவற்றிலும் உள்ளிருப்பது மறைகுறியாக்கப்பட்டிருக்கும். திறவுகோல் அந்தப் போனின் சிப்புக்குள்ளும் உங்கள் திரைப்பூட்டு எண்ணிலும் பிணைந்திருக்கிறது. ரீசெட் செய்த கணம் அந்தத் திறவுகோல் போய்விடும். நினைவகச் சிப்பைக் கழற்றி இன்னொரு கருவியில் படித்தாலும் கிடைப்பது குப்பை எழுத்துகள்தான். தரவைக் காக்க விரும்பினால் அதே பதிப்பையோ அதைவிடப் புதியதையோதான் ஏற்ற வேண்டும் என்பதும் இதனால்தான்; பழைய பதிப்பைக் கண்டால் அந்தத் திறவுகோல் திறக்க மறுக்கும்.

மிஞ்சுவது முன்னமே கூகுள் கணக்கில் ஏறியிருந்தவை மட்டும். வட்ஸ்அப் அதிகாலை 2 மணிக்கு எடுக்கும் நகல் போனுக்குள்ளேயே இருப்பதால் போனோடு அதுவும் போகும். கூகுள் ட்ரைவ் நகல் தனியாகப் போட்டிருந்தால் தப்பும்.

கணக்குப் பூட்டும் ஐ.எம்.ஈ.ஐ. எண்ணும்

2015 இல் அண்ட்ரொய்ட் 5.1 உடன் வந்த பாதுகாப்பு இது: ரிகவரி வழியாக அழித்த போன், முன்பு அதிலிருந்த கூகுள் கணக்கையும் கடவுச்சொல்லையும் கேட்கும். போன் வாங்கிய அன்று கடையிலேயே ஜிமெயில் போட்டுக்கொடுத்ததால், தன் முகவரியே தெரியாதவர்கள் எங்கள் ஊர்களில் ஏராளம். திருத்தக் கொடுக்குமுன் உங்கள் சிம்மை வீட்டிலுள்ள இன்னொரு போனில் போட்டு, கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்தில் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, வரும் குறியீட்டைக் கொண்டு முகவரியைக் கண்டுபிடியுங்கள். கடவுச்சொல்லை மாற்றியிருந்தால் 24 மணித்தியாலம் கழித்தே போனில் போடுங்கள். இதைச் செய்யாமல் போனால், பூட்டை உடைக்க இன்னொரு கூலி கொடுக்க நேரிடும். அதைத் தவிர்க்க இந்தச் சிறு வேலை போதும்.

ஐ.எம்.ஈ.ஐ. எண்ணைப் பெட்டியிலிருந்து பார்த்து எழுதி வைத்துவிட்டுப் போனைக் கொடுங்கள். திரும்பி வந்ததும் அழைப்புத் திரையில் நட்சத்திரம், ஹாஷ் குறி, 06, மீண்டும் ஹாஷ் குறி (*#06#) அடித்தால் எண்கள் தெரியும். இரட்டைச் சிம் போனில் இரண்டு எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஐ.எம்.ஈ.ஐ. என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணை 1909 க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அது இருக்கிறதா என்று பதில் வரும். எண் துடைபட்டுப்போய், வேறொரு போனின் எண்ணை எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பின்னால் பொலிஸ் விசாரணை என்று வந்தால் சிக்குவது போன் வைத்திருப்பவர்.

காசு கொடுக்குமுன்

அடித்து முடித்தபின் முதல் தொடக்கம் பத்து நிமிடத்துக்கு மேலும் எடுக்கலாம், அது வழமை. எரிந்ததும் இரண்டு சிம் துளையிலும் அழைப்பு எடுத்துப் பாருங்கள். வைஃபை, புளூடூத், கமரா, கைரேகை, சார்ஜ் எல்லாவற்றையும் மேசையிலேயே தொட்டுப் பாருங்கள். தொடங்கும்போது பூட்லோடர் திறந்திருக்கிறது என்ற எச்சரிக்கை வந்தால், வங்கிச் செயலிகள் ஓட மறுக்கலாம். பூட்டித் தரச் சொல்லுங்கள், ஆனால் நிறுவனத்தின் அசல் கோப்பு முழுதாக இருப்பதை உறுதிசெய்த பிறகே. சாம்சங்கில் நிறுவனத்துடையதல்லாத கோப்பு ஒருமுறை ஏறினாலே நொக்ஸ் என்ற உள்முத்திரை நிரந்தரமாக உடைந்துவிடும். உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும் போனை எந்தச் சந்திக் கடையிலும் திறக்கக் கொடுக்க வேண்டாம். உத்தரவாத அட்டையில் இருக்கும் சேவை நிலையம் தூரமாயிருந்தாலும் அங்கேதான் போக வேண்டும். பிளே ஸ்டோரின் அமைப்பில் கடைசிப் பகுதியில் சாதனம் சான்றளிக்கப்பட்டது என்று வருகிறதா என்பதையும் பாருங்கள்.

சொஃப்ட்வெயர் அடித்து எழும்பிய போன் சில நாளிலேயே அதே லோகோவில் திரும்ப நின்றால், இரண்டாம் முறை அதே வேலைக்குக் காசு கொடுக்க வேண்டாம். பழைய மலிவுப் போன்களின் ஈ.எம்.எம்.சி. நினைவகம் எழுதி எழுதித் தேய்ந்து, கடைசியில் எழுத்தை ஏற்க மறுத்துவிடும். ஓடினில் ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில் எழுதுதல் தோற்பதும், ரீசெட் செய்த பிறகும் பழைய படங்கள் அப்படியே தெரிவதும் அதன் அடையாளங்கள். சிப்பை மாற்றுவதற்குச் சூட்டுக் காற்றுக் கருவியும் பழகிய கையும் வேண்டும். எல்லாச் சந்தியிலும் அது கிடையாது. கேட்கும் கூலி போனின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டினால் மாற்ற வேண்டாம். திறக்கிற ஒரு நாளில் படங்களைக் கணினிக்கு ஏற்றிவிட்டு, அந்தப் போனை விட்டுவிடுங்கள்.